காய்ச்சல் இறங்கினால் போதுமா?

குழந்தைக்குக் காய்ச்சல் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் கேள்வி "எத்தனை டிகிரி?" என்பதுதான். மருந்துக்கடைக்காரர் கேட்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறார், போனில் மாமியார் கேட்கிறார், மருத்துவரும் கேட்கிறார். "ராத்திரி பால் குடிச்சானா?", "ஒண்ணுக்குப் போய் எவ்வளவு நேரமாச்சு?" என்று தொடங்குகிறவர்கள் குறைவு. 102 என்றால் பதற்றம், 104 என்றால் ஆட்டோ. சிரப் கொடுத்து 99க்கு வந்துவிட்டால் வீடே மூச்சுவிடுகிறது. தமிழ்நாட்டு வீடுகளிலும் கிளினிக்குகளிலும் குழந்தைக் காய்ச்சலைக் கையாளும் முறை பெரும்பாலும் இந்த எண்ணைச் சுற்றியே எழுந்து நிற்கிறது. எண் ஏறினால் ஆபத்து, இறங்கினால் குணம் என்பது அதன் இலக்கணம். என் கணிப்பைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு குறிப்பிட்ட வயதில் இந்த எண்ணுக்குப் போதிய மதிப்பு தராமல் விடுகிறோம். மற்ற வயதுகளில் அளவுக்கு மீறித் தருகிறோம். ஒரு நோயில் அதைத் தலைகீழாகப் படிக்கிறோம்.

எண்ணுக்கு இந்த அதிகாரம் கிடைத்து ஒன்றரை நூற்றாண்டு ஆகிறது. ஜெர்மனியின் லைப்ஸிக் நகரத்து மருத்துவர் கார்ல் வுண்டர்லிஷ் ஏறத்தாழ 25,000 நோயாளிகளின் உடல்வெப்பத்தைத் திரும்பத் திரும்ப அளந்து, 1868இல் அதை நூலாக்கினார். உடலின் இயல்பான வெப்பம் 37 டிகிரி செல்சியஸ், அதாவது 98.6 பாரன்ஹீட் என்று நாம் ஒப்பிப்பது அவர் வழி வந்தது. அவர் அக்குளில் வைத்த வெப்பமானி ஓரடி நீளம் இருக்கும். அளவு நிலைபெறக் கால் மணி நேரமாவது ஆகும். அதே காலத்தில் இங்கிலாந்தின் கிளிஃபர்ட் ஆல்பட் அதை ஆறு அங்குலமாகக் குறுக்கி, ஐந்து நிமிடத்தில் அளக்கும்படி செய்திராவிட்டால் வெப்பமானி வீட்டுக்குள் வந்திருக்காது. வுண்டர்லிஷ் ஒற்றை அளவை நம்பியவர் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். காய்ச்சல் எந்த நாளில் ஏறியது, எப்படி நின்றது, எப்படி இறங்கியது என்று கோடு போட்டுப் பார்ப்பதுதான் அவர் வழி. நாம் எண்ணை எடுத்துக்கொண்டோம். கோட்டை லைப்ஸிக்கிலேயே விட்டுவிட்டோம்.

98.6ஐத் தாண்டியதெல்லாம் காய்ச்சலும் அல்ல. விடியற்காலையில் உடல்வெப்பம் குறையும், மாலையில் ஏறும். ஓடியாடிவிட்டு வந்த பிள்ளைக்கு 99 காட்டினால் அது இயல்பு. பொதுவாக 100.4, அதாவது 38 செல்சியஸிலிருந்துதான் காய்ச்சல் கணக்கு. வாயில், அக்குளில், காதில், நெற்றியில் என்று அளக்கும் இடம் மாறினால் விடையும் மாறும். அக்குளில் அளந்தால் ஒரு டிகிரி கூட்டிக்கொள்ள வேண்டும் என்று பல வீடுகளில் ஒரு கணக்கு உண்டு. அப்படிக் கூட்டிக் கழித்துச் சொல்வதைவிட, "அக்குளில் 101" என்று அளந்த இடத்தோடு சேர்த்துச் சொன்னால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும். கொரோனாவுக்குப் பிறகு நெற்றிக்கு நேரே துப்பாக்கிபோல நீட்டும் கருவி வீடுகளுக்கும் வந்துவிட்டது. வெயிலிலிருந்து வந்த பிள்ளையையும் ஏ.சி. அறையிலிருந்து வந்த பிள்ளையையும் அது வெவ்வேறாகப் படிக்கும். சாதாரண டிஜிட்டல் வெப்பமானியை அக்குளில் நன்றாகப் பொருத்தி, பீப் சத்தம் கேட்கும்வரை கையை அணைத்துப் பிடித்தால் வீட்டுக்கு அது போதும்.

தாயின் கையையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டு நிறுவனமான நைஸ், பெற்றோர் காய்ச்சல் என்று சொன்னால் அதைச் செல்லுபடியாகும் தகவலாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. குழந்தை நோய்களைக் கையாள நம் ஆரம்ப சுகாதார நிலையங்கள் பின்பற்ற வேண்டிய ஐ.எம்.என்.சி.ஐ. முறையிலும் "தொட்டால் சுடுகிறது" என்பது காய்ச்சலுக்கு ஓர் அடையாளம். தொட்டுப் பார்த்து "சுடவில்லை" என்று தாய் சொன்னால் அது பெரும்பாலும் சரியாக இருக்கும். "சுடுகிறது" என்றால் வெப்பமானி வைத்து உறுதி செய்துகொள்ளலாம்.

எண்ணை மதித்தே தீர வேண்டிய வயது முதல் மூன்று மாதம். இந்த வயதில் 100.4 காட்டினால் வேறெந்த அறிகுறிக்கும் காத்திராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பச்சைக் குழந்தையின் நோய் எதிர்ப்பு முதிராதது. பிறப்பின்போது தாயிடமிருந்து தொற்றிய கிருமி ரத்தத்திலும் மூளை உறையிலும் மளமளவென்று பரவக்கூடும். அழவும் தெம்பில்லாத குழந்தையிடம் நோயைக் காட்டிக்கொடுக்கும் அறிகுறிகளும் குறைவு. அதனால்தான் பிறந்த முதல் மாதத்தில் காய்ச்சல் என்றால் ரத்தம், சிறுநீர், முதுகுத்தண்டு நீர் மூன்றையும் பரிசோதித்து, முடிவு வரும் முன்பே ஊசி மருந்தைத் தொடங்குகிறார்கள். முதுகில் ஊசி என்றதும் கையெழுத்துப் போடாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் குடும்பங்களைக் குழந்தை மருத்துவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. பச்சைக் குழந்தைக்குக் கடும் தொற்று வந்தால் உடம்பு சுடாமல் சில்லிட்டும் போகலாம். கை கால் குளிர்ந்து, பால் இழுக்காமல் கிடக்கும் குழந்தைக்கு வெப்பமானி 95 காட்டினால், "காய்ச்சல் இல்லை" என்று நிம்மதி அடைவது பெரும் தவறு.

ஆனால் நடைமுறை என்ன? 20 நாள் குழந்தைக்கு 100.5 என்றால், "உரம் விழுந்திருக்கும்", "பயந்திருக்கும்", "உடம்பு சூடு" என்று வீட்டில் ஒரு நாள் கழிகிறது. நான்கு வயதுப் பிள்ளைக்கு 104 என்றால், அது தரையில் உட்கார்ந்து கார் ஓட்டி விளையாடிக்கொண்டிருந்தாலும் நள்ளிரவில் அவசரப் பிரிவு. ஆபத்துக் கணக்கில் இரண்டும் இடம் மாறி இருக்கின்றன. ஆறு வாரத்தில் போடும் பென்டாவேலன்ட் தடுப்பூசிக்குப் பிறகு இரண்டு நாள் காய்ச்சல் வருவது சகஜம்தான். ஆனாலும் அந்தக் குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ துவண்டு கிடந்தாலோ தடுப்பூசியின்மேல் பழியைப் போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது.

ஆறு மாதம் தாண்டிவிட்டால் எண்ணின் மதிப்பு சரசரவென இறங்குகிறது. இந்த வயதில் வெப்பத்தின் உயரத்தை மட்டும் வைத்து நோயின் கடுமையைக் கணிக்கக் கூடாது என்று நைஸ் சொல்கிறது. சாதாரண வைரஸ் காய்ச்சல் 104 வரை போகும். மூளைக்காய்ச்சல் 101இல் நிற்கலாம். "காய்ச்சல் மூளைக்கு ஏறிடும்" என்ற பயம் இந்த இடத்தில்தான் குறுக்கே நிற்கிறது. காய்ச்சலை ஏற்றுவதே மூளைதான். கிருமியோடு மோதும் வெள்ளணுக்கள் வெளியிடும் வேதிப்பொருட்கள் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் புரோஸ்டாகிளாண்டின் சுரக்க வைக்கின்றன. அது உடல் காக்க வேண்டிய வெப்பத்தின் அளவை உயர்த்துகிறது. உயர்த்துவதற்கு ஒரு வரம்பும் உண்டு என்பதால் சாதாரணத் தொற்றுக் காய்ச்சல் 106ஐத் தாண்டுவது அரிது. ஏப்ரல் வெயிலில் மூடிய காருக்குள் விடப்பட்ட குழந்தையின் கதை வேறு. அந்த வெப்பம் மூளையின் உத்தரவில்லாமல் ஏறுவது. வரம்பும் கிடையாது, பாராசிட்டமாலும் கேட்காது. மூளையைக் கெடுப்பது அந்தச் சூடு.

இந்தப் பயம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. அமெரிக்காவின் டென்வர் நகரில் 81 பெற்றோர்களிடம் விசாரித்த குழந்தை மருத்துவர் பார்ட்டன் ஷ்மிட், 1980இல் இதற்குக் காய்ச்சல் பீதி என்றே பெயர் வைத்தார். 104 அல்லது அதற்கும் குறைந்த காய்ச்சல் மூளையைப் பாதிக்கும் என்று அவர்களில் பாதிப் பேர் நம்பினார்கள். 20 ஆண்டு கழித்துப் பால்டிமோரில் விசாரித்தபோதும் பீதி அப்படியே இருந்தது. பெற்றோரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 100.2க்கு வார்டில் சிரப் கொடுக்கும் செவிலியரும், ரவுண்ட்ஸில் "டெம்பரேச்சர் எவ்வளவு?" என்பதை முதல் கேள்வியாக வைக்கும் மருத்துவரும் வீட்டுக்குப் பாடம் நடத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

வலிப்பு பற்றிய பயத்துக்கு மட்டும் அடிப்படை உண்டு. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை, நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு வலிப்பு வரும். கண் மேலே செருகி, கை கால் வெட்டி, உதடு நீலம் பாயும்போது பிள்ளை போய்விட்டது என்றுதான் தாய்க்குத் தோன்றும். பெரும்பாலான வலிப்புகள் சில நிமிடங்களில் தாமாக நின்றுவிடும், மூளையைச் சேதப்படுத்துவதில்லை. மூன்றில் ஒரு குழந்தைக்குப் பின்னொரு காய்ச்சலில் திரும்ப வரலாம். பெற்றோருக்குச் சொல்லச் சங்கடமான செய்தி ஒன்று: நேரம் தவறாமல் பாராசிட்டமால் கொடுத்தாலும் வலிப்பு வராமல் தடுக்க முடிவதாகச் சோதனைகள் காட்டவில்லை. பல குழந்தைகளுக்குக் காய்ச்சல் இருப்பதே வலிப்பு வந்த பிறகுதான் வீட்டுக்குத் தெரிகிறது. ஆக, ராத்திரி முழுக்க விழித்திருந்து எண்ணைக் காவல் காப்பது வலிப்பைத் தடுக்காது. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்; ஐந்து நிமிடம் தாண்டினால் 108 ஆம்புலன்ஸ். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் பயனில்லை, பெரிய கேடும் இல்லை. வாயில் கரண்டியைத் திணிப்பதுதான் பல்லையும் மூச்சையும் பறிப்பது. வலிப்பு நின்று நெடுநேரமாகியும் குழந்தை தெளியவில்லை என்றாலோ, ஆறு மாதத்துக்கும் குறைந்த குழந்தை என்றாலோ அது மூளைக்காய்ச்சலாக இருக்கக்கூடும். அங்கே மேலே சொன்ன ஆறுதல் எதுவும் பொருந்தாது.

காய்ச்சலுக்கு ஏதாவது நன்மை உண்டா என்ற கேள்விக்கு வழக்கமாக எடுத்துக்காட்டப்படுவது ஒரு பல்லி வகை. 1975இல் மேத்யூ குளூகர் என்ற அமெரிக்க உடலியல் ஆய்வாளர் பாலைவன இகுவானாக்களுக்குக் கிருமியை ஏற்றி, வெவ்வேறு வெப்பத்தில் வைத்தார். சூடான இடத்தில் இருந்தவை அதிகம் பிழைத்தன. இதைக் காட்டி "காய்ச்சலைக் குறைக்கவே கூடாது" என்று வாதாடுவோர் உண்டு. அது மறுகோடி. பாராசிட்டமால் கொடுத்ததால் குழந்தையின் நோய் நீண்டது என்று காட்டும் திடமான சான்று இல்லை. பிள்ளை வலியில் முனகுகிறது, தண்ணீர்கூடக் குடிக்க மறுக்கிறது என்றால் மருந்து கொடுப்பதில் எந்தத் தவறும் கிடையாது. மருந்து வேலை செய்ததும் எழுந்து அரை டம்ளர் கஞ்சி குடித்தால் அதுவே லாபம். 2011இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் சொன்னதும் இதுதான்: குழந்தையின் சிரமத்தைக் குறைப்பது குறிக்கோள், எண்ணை இயல்புக்குக் கொண்டுவருவது அன்று. தூங்கும் குழந்தையை எழுப்பி மருந்து ஊற்ற வேண்டியதில்லை என்பது இதிலிருந்தே விளங்கும்.

மருந்து கொடுக்கும் விதத்தில்தான் நம் முறையின் பெரிய ஓட்டை இருக்கிறது. பாராசிட்டமாலின் அளவு வயதைப் பொறுத்ததன்று, எடையைப் பொறுத்தது: கிலோவுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளி வேண்டும். ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. கணக்கு எளிது, ஆனால் புட்டிகள் எளிதாக இல்லை. கடையில் மூன்று வகை கிடைக்கிறது. சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். ஒரு சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 125. இன்னொரு சிரப்பில் 5 மில்லிக்கு 250. பத்துக் கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம் தேவை என்றால் சொட்டில் ஒன்றரை மில்லி, முதல் சிரப்பில் ஆறு மில்லி, இரண்டாவதில் மூன்று மில்லி கொடுக்க வேண்டும். வீட்டில் பேசப்படுவதோ "அரை மூடி", "ஒரு மூடி", "ஒரு பாலாடை". அண்ணனுக்கு வாங்கிய சிரப்பின் மூடிக் கணக்கில் தம்பிக்குச் சொட்டு மருந்தை ஊற்றினால் 120க்குப் பதில் 500 மில்லிகிராம் உள்ளே போகிறது. ஒரு வேளை என்றால் கல்லீரல் சமாளித்துக்கொள்ளும். சாப்பிடாமல் கிடக்கும் பிள்ளைக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு வேளை என்றால் சமாளிக்காமல் போகலாம். இந்தக் குழப்பத்துக்குப் பயந்தே அமெரிக்காவில் 2011இல் அடர்த்தியான சொட்டு மருந்தைக் கைவிட்டு, குழந்தைகளுக்கான திரவம் முழுவதையும் ஒரே அடர்த்திக்குக் கொண்டுவந்தார்கள். இந்தியாவில் அதைச் செய்ய என்ன தடை என்று எனக்கு விளங்கவில்லை. எந்தக் கம்பெனிக்கும் இதில் நட்டமில்லை.

அளவு கூடினால் வரும் ஆபத்தைப் பற்றியாவது பேசுகிறோம். குறைந்தால் வரும் ஆபத்தை யாரும் பேசுவதில்லை. 16 கிலோ பிள்ளைக்கு 120 சிரப்பில் ஒரு ஸ்பூன் கொடுத்தால் தேவையில் பாதிதான் போகிறது. காய்ச்சல் அசையாது. "இந்த மருந்து இவனுக்குக் கேக்காது" என்று வீடு முடிவு செய்கிறது. அடுத்து மெஃபனமிக் அமிலம் கலந்த சிரப், பிறகு ஐபுபுரூஃபன், பிறகு ஊசி. மருந்து தோற்கவில்லை, அளவுதான் தோற்றது. ஆனால் அந்தத் தோல்வி குழந்தையை வலுவான, வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கக்கூடிய மருந்துகளின் பக்கம் தள்ளிவிடுகிறது. இரண்டு மருந்தை மாற்றி மாற்றிக் கொடுக்கும் வழக்கத்துக்கும் இதுவே வாசல். 2008இல் பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில் 156 குழந்தைகளிடம் நடந்த சோதனையில், பாராசிட்டமாலும் ஐபுபுரூஃபனும் சேர்ந்து கொடுத்தவர்களுக்கு முதல் 24 மணி நேரத்தில் காய்ச்சலில்லாத நேரம், பாராசிட்டமால் மட்டும் கொடுத்தவர்களைவிடச் சில மணி நேரம் கூடியது. குழந்தையின் சிரமம் கூடுதலாகக் குறைந்ததாகத் தெரியவில்லை. எண்ணுக்குக் கிடைத்த வெற்றி பிள்ளைக்குக் கிடைக்கவில்லை.

தானே போய்விடும் காய்ச்சலுக்குக் கொடுக்கும் மருந்து, நோயைவிடப் பாதுகாப்பானதாக இருக்க வேண்டும். வரலாறு இதை மூன்று முறையாவது உரக்கச் சொல்லியிருக்கிறது. ஃப்ளூ, அம்மைக் காய்ச்சலில் ஆஸ்பிரின் கொடுத்த குழந்தைகளுக்கு மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோய் வந்தது. 1980இல் அமெரிக்காவில் மட்டும் 555 பேர் பதிவானார்கள். எச்சரிக்கை வெளியாகி ஆஸ்பிரின் நின்றதும் அந்த நோயும் ஏறக்குறைய மறைந்தது. இங்கே வேகமாகக் காய்ச்சலை இறக்குகிறது என்று பெயரெடுத்த நிமிசுலைடை 12 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று இந்திய அரசு 2011இல் தடைசெய்தது. 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலை ஒன்றில் தயாரான சளி சிரப்பில் டை எத்திலீன் கிளைகால் என்ற நஞ்சு கலந்திருந்தது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் அதைக் குடித்த 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். சளிக்கும் காய்ச்சலுக்கும் சேர்த்து ஒரே புட்டி என்ற வசதியை விற்கும் கலவைகளில் பாராசிட்டமால் ஏற்கெனவே ஒளிந்திருக்கிறது என்பதும் பல பெற்றோருக்குத் தெரியாது. தனிச் சிரப்பும் கலவைச் சிரப்பும் சேர்ந்தால் அளவு இரட்டிப்பாகிவிடும்.

ஈரத்துணி பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அந்தக் காலத்தில் நெற்றியில் ஓடிகொலோன் நனைத்த துணி. இப்போது உடம்பு முழுக்கத் தண்ணீர்த் துணி. மூளை ஏற்றிவைத்த வெப்பத்தை வெளியிலிருந்து இறக்கப் பார்த்தால் உடம்பு நடுங்கிச் சூட்டை மீட்டெடுக்கும். சிறிது நேரம் எண் இறங்கும், பிள்ளை அழும். நைஸ் இதைச் செய்ய வேண்டாம் என்கிறது. ஐஸ் தண்ணீரும் ஸ்பிரிட்டும் கூடவே கூடாது. இதற்கு நேரெதிராக ஃபேனை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, கம்பளி போர்த்தி, குல்லாவும் மாட்டுவது வெப்பம் வெளியேறும் வழியை அடைக்கிறது. நெற்றியில் ஈரத்துணி, கழுத்துவரை கம்பளி என்று ஒரே கட்டிலில் இரண்டையும் சேர்த்துச் செய்யும் பாட்டிமார்களின் நடுநிலைமையைப் பாராட்டத்தான் வேண்டும்.

எண்ணை விட்டால் எதைப் பார்ப்பது? ஐ.எம்.என்.சி.ஐ. அட்டை முதலில் கேட்பது நான்கு கேள்வி: குழந்தையால் குடிக்க முடிகிறதா, குடித்ததையெல்லாம் வாந்தி எடுக்கிறதா, வலிப்பு வந்ததா, நினைவு மங்கிச் சோர்ந்து கிடக்கிறதா. ஒன்றுக்குத் தவறான விடை வந்தாலும் இளஞ்சிவப்புக் கட்டம், உடனே பெரிய மருத்துவமனை. பிறகு மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணச் சொல்கிறது: இரண்டு மாதம்வரை 60, ஒரு வயதுவரை 50, ஐந்து வயதுவரை 40 வந்தால் வேகமூச்சு. பிரிட்டனின் நைஸ் 2007இல் வெளியிட்ட பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குமுறையும் இதே தடத்தில் போகிறது: சிரிக்கிறதா, எழுப்பினால் விழித்திருக்கிறதா, அழுகை பலமாக இருக்கிறதா, நாக்கு ஈரமாக இருக்கிறதா. மருந்து கொடுத்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கியதா இல்லையா என்பதை வைத்து நோயின் கடுமையைத் தீர்மானிக்கக் கூடாது என்றும் அது சொல்கிறது. நம் வீடுகளின் ஒரே பரிசோதனை அதுதான். பாராசிட்டமால் நிமோனியாக் காய்ச்சலையும் இறக்கும், ஜலதோஷக் காய்ச்சலையும் இறக்கும். இரண்டையும் பிரித்துக் காட்டாது.

விளக்குமுறையும் குறையில்லாததன்று. சிட்னியில் 15,000க்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளில் அதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. கடும் பாக்டீரியாத் தொற்று உள்ளவர்களில் 100க்கு 86 பேரை அது பிடித்தது; ஆனால் தொற்று இல்லாதவர்களில் 100க்கு 28 பேரைத்தான் சரியாக விலக்கியது. மீதிப் பேரை வீணாகச் சந்தேகப்பட்டது. தவறவிட்டதில் பெரும்பங்கு சிறுநீர்த் தொற்று. அது பிள்ளையின் முகத்தில் தெரியாது. சிறுநீரைப் பரிசோதித்தால்தான் தெரியும். சளியும் இல்லை, வயிற்றுப்போக்கும் இல்லை, காய்ச்சல் மட்டும் என்று வரும் சின்னக் குழந்தைக்கு, அதிலும் பெண் குழந்தைக்கு, முதலில் எழுத வேண்டிய பரிசோதனை அது. நம் கிளினிக்குகளில் முதலில் எழுதப்படுவது ரத்தப் பரிசோதனையும், முதல் நாளிலேயே செய்தால் பெரும்பாலும் பயனில்லாத, டைஃபாய்டுக்கான வைடால் பரிசோதனையும். தோல் வெளிறியிருக்கிறதா என்று விளக்குமுறை கேட்கும் கேள்விக்கும் நம் நிறத்துப் பிள்ளைகளிடம் உள்ளங்கையையும் உதட்டையும் நாக்கையும்தான் பார்க்க வேண்டும். விளக்குமுறையை அப்படியே இறக்குமதி செய்தால் இந்த இடத்தில் தடுக்கும்.

எண்ணைத் தலைகீழாகப் படிக்கிறோம் என்று சொன்னது டெங்குவைப் பற்றி. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் தமிழ்நாட்டில் எந்தக் காய்ச்சலும் டெங்கு என்ற சந்தேகத்தோடுதான் பார்க்கப்படுகிறது. 2012இல் கடையநல்லூர்ப் பக்கமும் 2017இல் மாநிலம் முழுக்கவும் பட்ட பாடு அப்படி. டெங்குவில் முதல் இரண்டு மூன்று நாள் காய்ச்சல் கொதிக்கும். அந்த நாட்களில் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் விடும்போதுதான் ரத்தக்குழாய்களின் சுவர் கசியத் தொடங்குகிறது. நீர்ச்சத்து குழாயை விட்டு வெளியேறி, ரத்தம் கெட்டியாகி, அழுத்தம் விழுகிறது. கசிவு ஓரிரண்டு நாள் நீடிக்கும். அதாவது வெப்பமானி 98 காட்டி, வீடு நிம்மதியடைந்து, "காய்ச்சல் விட்டுடுச்சு, நாளைக்கு ஸ்கூல் அனுப்பலாம்" என்று பேசும் நேரமும் குழந்தை அதிர்ச்சிநிலைக்குப் போகும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், காரணமில்லாத அமைதியின்மை அல்லது மந்தம், சிறுநீர் குறைவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் காய்ச்சல் விட்டது நல்ல செய்தியன்று. எண்ணை மட்டும் நம்பும் முறை வேறெந்த நோயிலும் இவ்வளவு மோசமாக ஏமாறுவதில்லை. அளவு குறைந்து, "கேக்காமல்" போன பாராசிட்டமாலுக்குப் பதில் வந்த மெஃபனமிக் அமிலமும் ஐபுபுரூஃபனும் இந்த நோயில் ரத்தக்கசிவைக் கூட்டுகின்றன. இரண்டு தவறும் இங்கே சந்தித்துக்கொள்கின்றன.

வெப்பமானியை விட்டதும் நாம் பற்றிக்கொள்வது இன்னோர் எண்ணை. "பிளேட்லெட் எவ்வளவு?" என்று கேட்காத உறவினர் இல்லை. 40,000 என்றதும் ஊர் முழுக்கப் பப்பாளி இலை தேடுகிறது. டெங்கு குழந்தையைக் கொல்வது பெரும்பாலும் கசிவும் அதனால் வரும் அதிர்ச்சியும். அதைக் காட்டுவது அதே ரத்தப் பரிசோதனைத் தாளில் பக்கத்தில் இருக்கும், ரத்தம் கெட்டியாவதைச் சொல்லும் ஹீமட்டோகிரிட். ரத்தக்கசிவு இல்லாத குழந்தைக்கு எண்ணிக்கைக்காக மட்டும் பிளேட்லெட் எனும் தட்டணு ஏற்றத் தேவையில்லை. நேரத்துக்கு நேரம் உப்பு சர்க்கரைக் கரைசலோ கஞ்சியோ இளநீரோ உள்ளே போகிறதா, சிறுநீர் வெளியே வருகிறதா என்பது தட்டணு எண்ணிக்கையைவிட வீட்டுக்குப் பயன்படும் கணக்கு.

நாட்களை எண்ணுவதிலும் நாம் பலவீனம். காய்ச்சல் தொடங்கிய நாளை யாரும் குறித்துவைப்பதில்லை. மருத்துவரை மாற்றும்போதெல்லாம் அது முதல் நாளாகிவிடுகிறது. முதல் நாளில் அசித்ரோமைசின், மூன்றாம் நாளில் வேறொரு கிளினிக்கில் செஃபிக்சிம், ஐந்தாம் நாளில் பெரிய ஆஸ்பத்திரி என்று போகும் பயணத்தில் குழந்தையின் சட்டையைக் கழற்றி முழு உடம்பையும் பார்த்தவர் யாரும் இருக்க மாட்டார். தமிழ்நாட்டில் மழைக்கும் குளிருக்கும் பெருகும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலில், பூச்சி கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோல ஒரு கறுத்த பொருக்கு பலருக்கு இருக்கும். அக்குளிலோ, தொடை இடுக்கிலோ, காதுக்குப் பின்னாலோ ஒளிந்திருக்கும். கண்டுபிடித்துவிட்டால் டாக்சிசைக்ளின் கொடுத்து ஓரிரண்டு நாளில் காய்ச்சலை விரட்டலாம். கண்டுபிடிக்கச் செலவு எதுவுமில்லை. இரண்டு நிமிடமும் நல்ல வெளிச்சமும் போதும்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு "காய்ச்சலுக்குப் பயப்படாதீர்கள், பிள்ளையின் சௌகரியத்தைப் பாருங்கள்" என்ற மேற்கத்திய அறிவுரையை அப்படியே இங்கே சொல்லிவிடலாமா? நான் தயங்குகிறேன். டெங்குவும் ஸ்க்ரப் டைஃபஸும் டைஃபாய்டும் அன்றாடம் இல்லாத ஊர்களில் பிறந்த அறிவுரை அது. இங்கே தாயின் பயத்துக்கு ஒரு பயன் இருக்கிறது. அதுதான் அவளை முதல் நாளிலேயே படியேற வைக்கிறது. பெரும்பாலான ஊர்களுக்கு எட்டும் தூரத்தில் ஒரு மருத்துவர் அல்லது சுகாதார நிலையம், மழைக்காலத்தில் தெருவுக்கு வரும் காய்ச்சல் முகாம் என்று இந்த மாநிலம் கட்டியெழுப்பியதும் அந்தப் பயத்தை உபயோகமாக்கியதால்தான். 2011 டிசம்பரில் பென்டாவேலன்ட் தடுப்பூசியைத் தமிழ்நாடும் கேரளமும் நாட்டிலேயே முதலில் தொடங்கியதும், 2021இல் நிமோனியாவுக்கான தடுப்பூசி இலவசமாக வந்ததும் பாக்டீரியா மூளைக்காய்ச்சலின் ஆபத்தைக் குறைத்திருக்கின்றன. அட்டவணைப்படி தடுப்பூசி போட்ட பிள்ளைக்கு இன்று கொஞ்சம் கூடுதல் தைரியத்தோடு காத்திருக்கலாம். காத்திருப்பதும் கைவிடுவதும் வேறு வேறு. இடையில் இருப்பது திரும்ப வந்து காட்டும் வழி.

அந்த வழிதான் நம்மிடம் பலவீனமாக இருக்கிறது. முதல் நாள் காய்ச்சலில் நேர்மையான மருத்துவர் சொல்லக்கூடியது, "இன்றைக்கு ஒன்றும் பிடிபடவில்லை, நாளை மறுநாள் காட்டுங்கள், இடையில் இன்னின்னது நடந்தால் உடனே வாருங்கள்" என்பதுதான். அப்படிச் சொல்கிறவருக்கு இரண்டு பெயர் கிடைக்கிறது: "ஒண்ணும் தெரியலை" அல்லது "ஃபீஸுக்காக அலையவிடறார்". ஊசியும் ஐந்து புட்டியும் எழுதுகிறவரிடம் கூட்டம் நிற்கிறது. அரசு மருத்துவமனையில் ஃபீஸ் இல்லை, ஆனால் இன்னொரு நாள் வருவதற்குத் தாய் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். சிறு ஊர்களில் சில மருத்துவர்கள் ஒரு வாரத்துக்குள் அதே காய்ச்சலுக்குத் திரும்பி வந்தால் ஃபீஸ் வாங்குவதில்லை; சீட்டில் எடையையும் மருந்தை மில்லிகிராம் கணக்கிலும் எழுதி, காய்ச்சல் தொடங்கிய தேதியை மேலே வட்டமிட்டுக் கொடுக்கிறார்கள். மாநிலம் முழுக்க அரசுச் சீட்டிலேயே அந்த மூன்றுக்கும் கட்டம் அச்சடிக்க ஆகும் செலவு, ஒரு மழைக்காலத்தில் எழுதப்படும் தேவையற்ற வைடால் பரிசோதனைகளின் செலவில் சிறு பங்குகூட இராது.